ஜிஇடி: தாளிலிருந்து திரைக்கு, மாநிலத்திலிருந்து நிறுவனத்துக்கு

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உயர்நிலைப் பள்ளிச் சான்றுக்கு இணையான தகுதியைப் பெற எழுதும் தேர்வு ஜிஇடி. அந்நாட்டில் அதன் தாள் வடிவம் 2014 ஜனவரி 2ஆம் தேதியோடு வழக்கொழிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி ஏற்பாடுகள் போன்ற சில விலக்குகளை விட்டால், எழுபது ஆண்டுகளாக வினாத்தொகுப்பையும் பென்சிலையும் கொண்டு நடந்த தேர்வு அன்றுமுதல் கணினியில் மட்டுமே எழுதப்படுவதாயிற்று. இதையொட்டி எழுந்த விவாதத்தில் பெரும்பகுதி, நடுவயதுக்காரருக்குத் தட்டச்சு வருமா, மவுஸ் பிடிக்கத் தெரியுமா என்பதிலேயே சுழன்றது. அது அற்பமான கேள்வியல்ல. ஆனால் அதை மட்டுமே பார்த்தால் நடந்ததன் பாதிதான் தெரியும். தேர்வை நடத்துவதிலும் விலை வைப்பதிலும் மாநிலங்களுக்கு இருந்த பிடி ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. கணினி அந்தக் கைமாற்றத்தின் வாகனமாக அமைந்தது. அதன்பின் வந்த போட்டித் தேர்வுகள், மதிப்பெண் குறைப்பு, மாநிலங்களின் விலகல் ஆகியவை திரையைவிட இந்தக் கைமாற்றத்தாலேயே நன்றாக விளங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இத்தேர்வு போர்க்காலத்தில் பிறந்தது. பள்ளியை முடிக்குமுன்பே படையில் சேர்ந்த இளைஞர்கள் திரும்பி வந்ததும் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை என்பதற்காக 1942இல் படைத்துறைக் கல்வி நிறுவனத்துக்கென இது உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கல்விக் கழகம் அதற்குத் துணைநின்றது. தேர்வின் வடிவத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் இ. எஃப். லிண்ட்குவிஸ்ட்டின் பங்கு பெரிது. ஒருவர் எந்தப் பாடப்புத்தகத்தைப் படித்தார் என்று பாராமல், பள்ளி தரவேண்டிய பொதுவான சிந்தனைத் திறன் அவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழிவந்த அணுகுமுறை. 1947இல் நியூயார்க் மாநிலம் இதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1978, 1988, 2002 என மூன்று முறை வினாவரிசை புதுப்பிக்கப்பட்டது. 1988இல் கட்டுரைப் பகுதி சேர்ந்தது. 2002 வரிசையில் ஐந்து தாள்கள். எழுதி முடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தாள் காலத்தின் நிர்வாக ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வினாக்களை அமைத்து, தொகுப்புகளை வாடகைக்குக் கொடுத்தது அமெரிக்கக் கல்விக் கழகம் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. மற்றதெல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. எந்தச் சமுதாயக் கல்லூரியில், எந்த முதியோர் கல்விப் பள்ளியில், எந்தச் சிறையில் மையம் வைப்பது, எவ்வளவு கட்டணம் வாங்குவது, கழகம் வகுத்த குறைந்தபட்சத்துக்கு மேல் தேர்ச்சி எல்லையை உயர்த்துவதா என்பதையெல்லாம் அதுவே முடிவுசெய்தது. சான்றிதழையும் அதுவே வழங்கியது. நியூயார்க்கில் தேர்வர்களிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது சட்டம். இந்த முறை அழகானதாகவும் இல்லை, திறமையானதாகவும் இல்லை. வினாத்தொகுப்புகளைப் பூட்டி வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும், முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில ஊர்களில் தேர்வு எப்போதாவதுதான் நடக்கும். ஆனாலும் உள்ளூர்த் தேவைக்கேற்ப வளைந்துகொடுக்க அதில் இடம் இருந்தது. 2011 மார்ச்சில் கழகமும் பியர்சன் நிறுவனமும் சேர்ந்து ஜிஇடி டெஸ்டிங் சர்வீஸ் என்ற கூட்டு நிறுவனத்தை அறிவித்தபோது இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறியது. பியர்சனின் கிளையான பியர்சன் வியூ ஏற்கெனவே கணினித் தேர்வு மையங்களின் பெரும் வலைப்பின்னலை நடத்திவந்தது. அந்த வலைப்பின்னலுக்கு வெளியே தேர்வு இல்லை என்றான பிறகு மையத்துக்கு அங்கீகாரம், பதிவு, கட்டண வசூல், மதிப்பீடு, முடிவு அறிவிப்பு என்று எல்லாமே ஒரே குழாய் வழியாகச் சென்றன. கட்டணம் நான்கு தாள்களுக்கு 120 டாலராக இருந்தது. தேர்வர் தம் பெயரில் இணையக் கணக்கு ஒன்றைத் திறந்து, பெரும்பாலும் வங்கி அட்டை மூலம் அதைக் கட்டினார். வேலையில்லாதவர்களும் வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் கணிசமாக எழுதும் ஒரு தேர்வுக்கு இது சின்ன மாற்றமல்ல.

புதிய தேர்வு எப்படி இருந்தது என்பதையும் கிட்டத்தில் பார்ப்போம். ஐந்து தாள்கள் நான்காயின. மொழித்திறன் தாளில் திரை இரண்டாகப் பிரியும்: இடப்பக்கம் ஒரே விஷயத்தில் எதிரெதிர் நிலை எடுக்கும் பகுதிகள், வலப்பக்கம் வெற்றுப் பெட்டி. யாருடைய சான்றுகள் வலுவானவை என்று நிறுவி, 45 நிமிடத்தில் அந்தப் பெட்டிக்குள் தட்டச்சு செய்ய வேண்டும். கட்டுரைக்கு முன்பும் 45 நிமிடம்தான். ஆனால் கையால் எழுதலாம், இரண்டு மனிதர்கள் படித்துப் புள்ளியிடுவார்கள். இப்போது மதிப்பெண் போடுவது மென்பொருள். கணக்குத் தாளில் திரைக் கால்குலேட்டர்; சொற்களை இழுத்துப் பெட்டியில் விடும் வினாக்கள், படத்தில் சரியான இடத்தைச் சொடுக்கும் வினாக்கள்; கணக்குப் போட்டுப் பார்க்கத் தாளுக்குப் பதில் அழித்து எழுதும் பலகை. நன்மைகளையும் மறைக்கக் கூடாது. முடிவு பெரும்பாலும் அன்றே வந்துவிடும். ஒவ்வொரு தாளையும் தனித்தனி நாளில் எழுதலாம். எந்தத் திறனில் குறை என்ற அறிக்கையும் கிடைக்கும். வேலைக்கு விடுப்பு எடுத்துவந்து எழுதுபவருக்கு இவை பெரிய வசதிகள்.

இனி எண்களைப் பார்க்கலாம். 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் பேர் ஜிஇடியில் தேறினார்கள். பழைய வரிசை முடியப்போகிறது என்ற அவசரத்தால் 2013இல் அது 5 லட்சத்தைத் தாண்டியது. 2014இல் ஒரு லட்சத்துக்கும் கீழே சரிந்தது. கணினியை எதிர்த்தவர்கள் இந்தச் சரிவையே தங்கள் ஆதாரமாகக் காட்டினார்கள். அதற்குச் சொல்லப்பட்ட மறுப்பும் வலுவானதுதான். வரிசை மாறும்போதெல்லாம் முந்திய ஆண்டு கூட்டம் அலைமோதும், மறு ஆண்டு வெறிச்சோடும். 2001இல் பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். 2002இல் தேறியோர் தொகை ஏறத்தாழப் பாதியானது. அந்த மாற்றம் தாளிலிருந்து தாளுக்கு நடந்தது. கணினிக்கு அதில் பங்கே இல்லை. இந்த மறுப்பை ஏற்கிறேன், ஓரளவுக்கு மட்டும். பாதியாகக் குறைவதும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போவதும் ஒன்றல்ல. 2014இல் வேறு தேர்வுகளுக்குப் போனவர்களைக் கூட்டினாலும் பழைய அளவை எட்டவில்லை. ஆனால் பாடத்தரம், விலை, ஊடகம் மூன்றும் ஒரே நாளில் மாறியதால் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. சரிவின் அளவைவிட, சரிவைக் கண்ட ஒரு மாநிலத்தால் என்ன செய்ய முடிந்தது என்பதே முக்கியம். தாள் காலத்தில் கட்டணத்தைக் குறைக்கலாம், மையத்தைக் கூட்டலாம். இப்போது அதிகம் போனால் மானியம் தரலாம். மற்றபடி ஏற்பதா விலகுவதா என்பது மட்டுமே மிஞ்சியது.

வேலையுலகம் முழுவதும் கணினிக்குப் போய்விட்ட பிறகு தேர்வு மட்டும் பென்சிலில் தொங்கிக்கொண்டிருந்தால் தேர்வருக்குத்தானே நட்டம் என்பது அடுத்த ஆட்சேபம். கணினி வழி தேர்வு விருப்பத்தேர்வாக இருந்த இடைக்காலத்தில், கணினியில் எழுதியவர்களே கூடுதல் விகிதத்தில் தேறினார்கள் என்று நிறுவனம் கூறிவந்தது. இங்கே ஒரு எளிய பிழை ஒளிந்திருக்கிறது: விருப்பப்பட்டுக் கணினியைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏற்கெனவே அதில் பழகியவர்கள். கட்டாயத்தின் பேரில் உட்காரப்போகிறவரைப் பற்றி அவர்களின் தேர்ச்சி எதையும் சொல்லாது. அமெரிக்கத் தேசியக் கல்வி மதிப்பீட்டு அமைப்பு எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் 2002இல் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. எழுத்துத் தேர்வில் தாளுக்கும் கணினிக்கும் சராசரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கணினியில் எழுதியவர்களுக்குள், பழக்கம் மிகுந்தவர் கூடுதல் மதிப்பெண் பெற்றார். சராசரி சமமாக இருக்கும்போதே உள்ளுக்குள் சிலர் இழக்க முடியும் என்பதுதான் இதன் பொருள். பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு நடத்தும் வயதுவந்தோர் திறன் அளவீடு இன்னும் நல்ல சான்று. கணினிச் சூழலில் சிக்கல் தீர்க்கும் திறனையே ஒரு பகுதியாக அளந்த அதன் முதற்சுற்றில், கணினி அடிப்படை தெரியாதவர்களின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் தாளில்தான் சோதித்தார்கள். கணினித் திறனை மதிப்பது ஒன்று, அது இல்லாதவரின் மற்றத் திறன்களையும் அளக்க மறுப்பது இன்னொன்று என்ற வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது ஆட்சேபம்தான் அறிவுலகில் மதிப்புள்ளது. பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன், ஸ்டீபன் கேமரனுடன் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஇடி தேறியோர் வேலைச் சந்தையில் பள்ளி முடித்தவர்களுக்கு இணையாக இல்லை, இடைநின்றவர்களுக்கே நெருக்கமாக இருக்கிறார்கள் என்று காட்டினார். அப்படியானால் தேர்வைக் கடினமாக்கியது சரிதானே? பாடத்தரத்தை உயர்த்த இது ஒரு காரணமாகலாம். ஆனால் தாளை மூட இது காரணமாகாது. கடினமான வினாவைத் தாளிலும் அச்சிடலாம். தவிர, ஹெக்மனின் விளக்கம் அறிவுத்திறனைப் பற்றியதே அல்ல. அறிவுத் தேர்வில் தேறுபவர்களிடமும் விடாமுயற்சி போன்ற பண்புகள் குறையலாம், அவற்றை எந்த வினாத்தாளும் அளக்காது என்பதே அவர் பின்னர் விரித்த வாதம். அவரைச் சான்றுக்கு அழைத்தவர்கள் அவர் சொன்னதில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாநிலங்கள் காட்டிய எதிர்வினையே என் வாதத்துக்கு வலுவான சான்று. நியூயார்க் 2013இல் சிடிபி மக்ராஹில் நிறுவனத்தின் டாஸ்க் தேர்வைத் தேர்ந்தெடுத்தது. மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர் போன்றவை ஈடிஎஸ் அமைப்பும் அயோவா தேர்வுத் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய ஹைசெட் தேர்வுக்குப் போயின. கலிஃபோர்னியா மூன்றையும் அனுமதித்தது. தொடக்கத்தில் இரண்டு புதிய தேர்வுகளும் ஏறக்குறைய 50 டாலர். இரண்டிலும் தாள் வடிவமும் உண்டு, கணினி வடிவமும் உண்டு. பாடத்தரத்தையும் ஒரே அடியாக உயர்த்தாமல் படிப்படியாக உயர்த்துவதாகச் சொன்னார்கள். அதாவது மாநிலங்கள் கணினியை நிராகரிக்கவில்லை. விலையையும் வேகத்தையும் வடிவத்தையும் தாங்களே முடிவுசெய்யும் பழைய உரிமையைத்தான் சந்தையில் திரும்ப வாங்கின. இணையம் அனுமதிக்கப்படாத சிறைகளுக்குத் தாள் வடிவம் கூடுதலாகப் பொருந்தியது. போட்டி வந்த பிறகு ஜிஇடியும் இளகியது. 2016 ஜனவரியில் தேர்ச்சி எல்லை 150இலிருந்து 145ஆகக் குறைந்தது, அதுவும் முன்தேதியிட்டு. சமூக அறிவியல் தாளில் தட்டச்சு செய்யவேண்டிய கட்டுரை விடையும் அதே ஆண்டில் நீங்கியது. புதிய தேர்வில் தேறியவர்கள் கல்லூரியில் பள்ளி முடித்தவர்களுக்குக் குறையாமல் படிக்கிறார்கள், எனவே எல்லை தேவைக்கு மேல் உயரமாக இருந்தது என்பது நிறுவனம் சொன்ன காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். உண்மையென்றால், இரண்டு ஆண்டுகள் தகுதியுள்ளவர்களைத் தோல்வியுற்றவர்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

போட்டிக்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. டாஸ்க் 2021 இறுதியோடு நின்றது; நியூயார்க் மறுபடி ஜிஇடிக்கே வந்தது. ஹைசெட் ஈடிஎஸ்ஸிடமிருந்து வேறு நிறுவனத்திடம் போனது. 2020இல் கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே, கேமரா வழிக் கண்காணிப்பில் எழுதும் முறை தொடங்கியது. அதற்கு நல்ல இணைய இணைப்பும் தனி அறையும் வேண்டும், முன்மாதிரித் தேர்வில் தேறக்கூடியவர் என்ற மதிப்பெண்ணும் எடுத்திருக்க வேண்டும். வசதி உள்ளவருக்கு இன்னும் வசதியான வழி அது. கனடா வேறு பாதையில் போனது. அங்கே பழைய 2002 வரிசையே நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2024இல் நிறுவனம் அந்நாட்டில் ஜிஇடியை நிறுத்தியதும், மாகாணங்கள் கூடித் தங்களுக்கென்று கனடிய வயதுவந்தோர் கல்விச் சான்றுத் தேர்வைத் தொடங்கின. அதைக் கணினியிலும் எழுதலாம், தாளிலும் எழுதலாம்.