சந்தைக் கூடையில் ஊவா வரலாறு: தவளம் முதல் கடன் கொப்பி வரை

ஊவா முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பள்ளிவாசலில் தொடங்குவர். பிறகு பாடசாலை, நம்பிக்கையாளர் சபை, ஊர்ப் பெரியவர்கள் என்று எழுத்து நகரும். மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கங்காணியில் தொடங்கித் தொழிற்சங்கத்தில் முடிப்பர். இரண்டும் தேவையானவைதாம். ஆனால் இவ்விரு மக்களும், பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்களும், கிழமைதோறும் முகத்துக்கு முகம் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது சந்தை. எழுதப்பட்ட வரலாற்றில் அதற்கு அரிதாகவே இடம் கிடைக்கிறது. தாய்லாந்துக்குப் போய்த் தெருச்சந்தையில் உண்டு களித்ததைப் பயணக் கட்டுரையாக எழுத நம்மவர் பலர் இருக்கின்றனர்; நம் ஊர்ச் சந்தைக் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போர் குறைவு.

நமுனுகுல என்ற பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள் சொல்வர். 2,036 மீற்றர் உயரமுள்ள இம்மலையைச் சுற்றிப் பதுளை, பசறை, தெமோதரை, எல்ல ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. சாரல் முழுதும் தேயிலை. தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்குச் சொந்தக் காணி இல்லை. உப்பு முதல் உடுப்பு வரை ரவுணுக்கு வந்தே வாங்க வேண்டும். வாரம் முழுதும் மலையில் நிற்பவருக்கு ஓய்வு ஞாயிறுதான். ஆகவே சந்தையும் ஞாயிறு. சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைச் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது.

தேயிலை வருமுன்பே இந்த மலைப் பாதைகளில் வணிகம் நடந்தது. கண்டி இராச்சியத்தில் பொதி மாடுகளின் அணிக்குத் தவளம் என்று பெயர். கரையோரத்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. பாக்கும் மிளகும் கீழே போயின. அரசனின் போக்குவரத்துக்குப் பொறுப்பான பிரிவை ‘மடிகே பத்த’ என்றனர். அதில் முஸ்லிம்கள் பெருமளவில் இருந்தனர். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994 இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்களின் ஆயிரம் ஆண்டு இன நல்லுறவைப் பற்றிய நூலில் இந்தத் தவள வாழ்க்கையை விரிவாகப் பேசுகிறார். மாட்டோடு போனவர்கள் வழியில் தங்கினர், கிராமங்களில் குடியமர்ந்தனர், அரசனுக்கு ஊழியம் செய்து காணி பெற்றனர்.

1817 இல் ஊவா வெல்லஸ்ஸவில் மூண்ட கிளர்ச்சியின் வாசலிலும் இந்தத் தவளமே நிற்கிறது. அதுவரை வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் அப்பகுதித் திசாவையின் அதிகாரத்தின் கீழ் இருந்தனர். ஆங்கிலேயர் அவர்களைப் பிரித்தெடுத்து, ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக நியமித்தனர். சிங்களப் பிரதானிகள் இதைத் தம் அதிகாரத்தில் கைவைத்த செயலாகக் கண்டனர். ஹஜ்ஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். நிலைமையை அறியப் போன, பதுளையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி டக்ளஸ் வில்சனும் கொல்லப்பட்டார். 1818 இல் கிளர்ச்சி அடங்கியபோது ஊவாவின் வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டிருந்தன. இந்த நிகழ்வை இன்று யார் பக்கம் யார் நின்றார் என்ற வழக்காக மட்டும் பேசுகிறோம். பொதி மாட்டின் கயிறு யார் கையில் இருப்பது என்ற கேள்வியும் அதில் இருந்தது. உப்பும் கருவாடும் வரும் பாதையை ஆள்பவன் ஊரை ஆள்வான் என்பதை ஆங்கிலேயர் நன்கு அறிந்திருந்தனர்.

பின்னர் கோப்பி வந்தது, நோயில் அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இரயில் பாதை 1885 இல் நானுஓயாவை எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. மாட்டு வண்டியின் காலம் மெல்ல முடிந்தது. வணிகம் பாதையிலிருந்து இறங்கிக் கடைத்தெருவில் உட்கார்ந்தது. பசறையிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் முஸ்லிம் கடைகள் வரிசையாக எழுந்தன. சந்தை இந்தக் கடைகளை ஒட்டியே வளர்ந்தது.

அண்மையில் ஒரு ஞாயிறு, குடும்பமாக நாங்கள் நால்வர் நமுனுகுலவில் பஸ் ஏறி, எல்ல வழியாகப் பண்டாரவளைச் சந்தைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாசம். நெத்தலி, சாலை, கட்டாக் கருவாடு என்று குவியல்கள். மகள் மெல்லக் கேட்டாள்: “ஏன் வாப்பா, தோட்டத்து ஆக்கள் எல்லாரும் கருவாடே வாங்குறாங்க?” கடைக்கார நானாவின் காதில் விழுந்துவிட்டது. “மீன வாங்கினா இன்டைக்கே ஆக்கணும் மகள். கருவாடு எண்டா அடுத்த சம்பளம் மட்டும் நிக்கும்” என்றார். தவளத்து மாட்டின் முதுகில் மலையேறிய அதே சரக்கு, அதே காரணத்துக்காக, இன்றும் விற்பனையாகிறது.

பக்கத்தில் மரக்கறி. வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் வருகின்றன. குருத்தலாவை, சில்மியாபுர ஊர்களில் முஸ்லிம்கள் மண்வெட்டி பிடிக்கும் விவசாயிகள். நம்மவர் எல்லாரும் வியாபாரிகள் என்ற பொதுப்பேச்சுக்கு இந்தக் கிழங்கு மூட்டைகளே பதில். இன்னும் சற்றுத் தள்ளிக் கிராமத்துச் சிங்கள அம்மாமார் கித்துள் பனங்கட்டி, ஈரப்பலா, கீரைக் கட்டோடு சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தனர். என் உம்மா பெருநாளுக்கு வட்டிலாப்பத்துக்கென்று பனங்கட்டி எடுத்தார். உடைத்து நிறம் பார்த்து, சிங்களத்தில் விலை பேசி, தமிழில் எங்களிடம் “சீனி கலக்காத சாமான், சுருக்கா எடுங்க” என்றார்.

அந்த வட்டிலாப்பத்தை எடுத்துக்கொள்வோம். அது மலாய் மக்கள் வழியாக நமக்கு வந்தது என்பது பரவலான கருத்து. ஒல்லாந்தர் காலத்திலிருந்து சாவகத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள், பின்னர் ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படையில் பணியாற்றினர். 1873 இல் அப்படை கலைக்கப்பட்டது. கண்டி, பதுளை போன்ற மலை நகரங்களில் மலாய்க் குடும்பங்கள் நிலைத்தன. தொதலும் மலாய் அச்சாறும் அவர்களின் கொடை. இதே தொதலைத் தென் தாய்லாந்தின் மலாய் முஸ்லிம்களும் கிண்டுகின்றனர். பண்டம் கடல் கடந்து வந்தது, அதில் சேரும் பனங்கட்டி ஊவாக் கிராமத்தினது, தேங்காய் கீழ்நாட்டினது. நாம் நம்முடையது என்று சொல்லும் பெருநாள் பண்டம் இத்தனை பேரின் கைபட்டது.

சந்தையின் ஓரத்துத் தேத்தண்ணிக் கடையில் ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்பிட்டோம். தோட்டத்தின் காலைச் சாப்பாடு இதுதான். பழங்காலந்தொட்டு வந்த உணவு என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் தோட்டத்தின் முதல் உணவு சோறு. தொழிலாளரின் கூலியோடு அரிசியும் கணக்கில் சேர்ந்திருந்தது. அந்த அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. 1942 இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் கப்பல்கள் நின்றன. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதில் கோதுமை மா அளந்து கொடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. வெள்ளாப்பில் பெரட்டுக்கு ஓடவேண்டிய தாய்க்கு, சுட்டுத் துணியில் சுற்றிக் கொடுக்க ரொட்டி வசதியாக இருந்தது. ஒரு யுத்தம் ஒரு மக்களின் காலை உணவை மாற்றிவிட்டது.

அரிசியின் கதை அத்தோடு முடியவில்லை. 1952 இல் சீனாவோடு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் உடன்படிக்கை. 1953 இல் பங்கீட்டு அரிசி ஓர் அளவு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர, ஆகஸ்ட் 12 இல் நாடு தழுவிய ஹர்த்தால். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டில் மிக அடிபட்டவர்கள் தோட்ட மக்களே. கிராமத்தவனுக்கு மரவள்ளிக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. லயத்தில் அதுவும் இல்லை. தோட்டங்களில் மரண வீதம் உயர்ந்தது ஆவணங்களில் உள்ள செய்தி.

அந்த நாட்களில் கடை என்ன செய்தது என்பதுதான் நம் சமூகத்தைத் தொடும் கேள்வி. நேர்மையாகச் சொன்னால் இரண்டு பதில்கள் உண்டு. தோட்டத் தொழிலாளி கடனோடுதான் இந்நாட்டுக்கு வந்தான். அவனது கடனை எழுதி, ஒரு கங்காணியிடமிருந்து இன்னொருவரிடம் அவனை மாற்றப் பயன்பட்ட தாளுக்குத் ‘துண்டு’ என்று பெயர். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை, அது கடைக்காரரின் கொப்பிக்கு இடம் மாறியது. கொப்பி வைத்திருந்த முதலாளிகளில் நம்மவர்கள் நிறையப் பேர். கையில் காசில்லாத மாதத்தில் மாவும் மண்ணெண்ணெயும் கொடுத்துக் குடும்பங்களைக் காப்பாற்றியது அந்தக் கொப்பி. படிக்கத் தெரியாதவரின் கணக்கில் ஒரு வரியைக் கூட்டி எழுதவும் அதே கொப்பியில் இடமிருந்தது. இரண்டையும் எழுதாமல் விட்டால் அது வரலாறு ஆகாது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை தீராமல் கிடந்தது. பிறகு ஊவாவின் லயங்களிலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டன. கடை வாசலில் வந்து பாக்கியைக் கட்டிவிட்டுப் போனவர் யார், “இருக்கட்டும், வழிச் செலவுக்கு வச்சுக்கங்க” என்று கணக்கை அடித்தவர் யார், வாங்காமல் விடமாட்டேன் என்று நின்றவர் யார்? இதற்கான சாட்சியம் கொப்பிகளிலும் முதியோரின் நினைவிலும் மட்டுமே இருக்கக்கூடும்.

சந்தையிலிருந்து திரும்பும்போது, கருவாட்டுக் கடையில் ஒரு தோட்டத்து அக்கா சொன்னது இன்னும் நினைவில் உள்ளது: “நானா, இத பழைய பாக்கியோட சேத்து எழுதிக்கங்க.” அவர் கொப்பியை எடுத்து எழுதினார். மார்க்கம் வேறு, ஊர் வேறு. இருந்தும் கணக்கு நடக்கிறது. 2019 க்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன குரல்கள் கேட்ட நாட்டில், இது சின்ன விஷயம் அல்ல.

எனவே ஊவாவில் கடை வைத்திருந்த குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய கொப்பிகளை எரித்துவிடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எந்த ஆண்டு மா என்ன விலை, எந்த மாதம் எத்தனை இறாத்தல் கருவாடு, எந்தத் தோட்டத்தின் பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். கடன்பட்டவர்களின் பெயரை மறைத்து, விலையையும் திகதியையும் மட்டும் பிரதி எடுத்தாலே போதும். லயத்து முதியவர்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். கொப்பியில் முதலாளியின் கணக்கு இருக்கும். வாங்கியவரின் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.