துறையும் தரகும்

தமிழில் ‘துறை’ என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. ஆற்றில் நீராட இறங்குமிடம் துறை. கடலில் கலங்கள் வந்து சேருமிடமும் துறை. கற்கும் கல்வியின் பிரிவும் துறை. இன்று இணைய வாணிகத்தில் ‘இறங்கு பக்கம்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு விளம்பரத்தைக் கண்டு வருபவர் முதன்முதலாக வந்து இறங்கும் பக்கத்தை அச்சொல் குறிக்கும். அதுவும் ஒரு துறையே. பிறர் விற்கும் பொருளை அப்பக்கத்தில் எடுத்துரைத்து, அதன் வழியாக நடைபெறும் ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு பெறுவோர் நம் நாட்டில் பெருகி வருகின்றனர். அவர்களுள் கல்லூரி மாணவர்களும் பலர். இத்தொழிலை இணைப்புத் தரகு என்கிறோம். இறங்கு பக்கத்தை அழகுற அமைத்துத் தரும் கருவிகளை மாதச் சந்தாவுக்கு அளிக்கும் நிறுவனங்களும் பல தோன்றியுள்ளன. அச்சந்தா கொடுக்கத்தக்கதா, அன்றா என்பதை எவ்வாறு அளந்தறிவது? வினா புதியது, ஆனால் செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரைக்கு இது பழக்கமான வினா. ஆதலின் அக்கரையின் வரலாற்றிலிருந்தே விடையைத் தேட விழைகிறேன்.

சென்னைக்குத் தெற்கே கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்னும் மூன்று ஊர்களும் ஒரே மணற்கரையில் அமைந்தவை. திருமங்கையாழ்வார் பாடிய கடன்மல்லை, செல்வம் நிறைந்த கலங்கள் வந்து நின்ற துறை. ஆயினும் பெருங்கப்பல் கரையை அணைவதற்கு ஏற்ற ஆழமான துறைமுகம் இக்கரையில் இயற்கையாக அமையவில்லை. ஐரோப்பியர் வந்த காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓயாது புரளும் அலைகளைக் கடக்க, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் வேண்டியிருந்தன. ஆணி அறைந்த படகு அலையின் அடியில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். சரக்கின் சொந்தக்காரர் படகுக்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும். அக்கூலியைப் பற்றி ஆராய்ச்சி தேவையில்லை. படகில்லையேல் சரக்குக் கரை சேராது. இன்றியமையாத கருவிக்கு விலை கொடுப்பது எளிய முடிவு. கருவி உதவியாக மட்டும் இருக்கும்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டியதாகிறது.

அடுத்து, தரகரின் நிலையை நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்து, பின்னர்க் கோட்டையும் கட்டினர். அங்கிருந்து ஏற்றுமதியான மெல்லிய மசுலின் துணி புகழ் பெற்றது. 1781இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இடையிடையே மீண்டும் டச்சுக்காரரிடம் திரும்பி, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் முற்றிலும் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. அக்கோட்டையின் சுவர்களும் கல்லறைகளும் இன்றும் காணத்தக்கவை.

இக்கரையில் வாணிகம் செய்த ஐரோப்பியர், பெரும்பாலும் நெசவாளரிடம் நேரே சென்று துணி வாங்கவில்லை. உள்நாட்டு வணிகரிடம் முன்பணம் கொடுத்தனர். அவ்வணிகர் ஊர் ஊராகத் தறிகளுக்குப் பணத்தைப் பகிர்ந்து, குறித்த காலத்தில் துணியைச் சேர்த்தளித்தனர். மொழியறிந்து இருதரப்பையும் இணைத்தவர் துபாஷி எனப்பட்டார். சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய காசி வீரண்ணாவின் கையில் கொள்முதலின் பெரும்பகுதி குவிந்திருந்தது. அவர் இருந்தவரை கம்பெனியாருக்கு வேலை எளிதாயிற்று. 1680இல் அவர் மறைந்தபோதோ, வணிகர் அமைப்பைத் திருத்தி அமைக்க அவர்கள் பெரும்பாடு பட்டனர். தறிகளை அறிந்தவர், கடன்களை அறிந்தவர், ஊர்களை அறிந்தவர் எல்லாம் தரகரே. கம்பெனியாரிடம் பணம் இருந்தது; தொடர்பு இல்லை. தொடர்பைப் பிறர் கையில் விட்டவன், அப்பிறர் விலகும் நாளில் வெறுங்கையனாய் நிற்பான் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

தரகுத் தொழில் இழிந்தது என்று எவரும் எண்ணவேண்டா. துபாஷியாகப் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அறநிதியே 1842இல் பள்ளியாக முளைத்துப் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. தரகர் யாருக்காகப் பேசுகிறார் என்பது மறைக்கப்படும்போதுதான் தொழில் மாசுறுகிறது.

மூன்றாவது சான்று, நம் வினாவுக்கு மிக அண்மையானது. மாமல்லபுரத்துக் குன்றின்மேல் கலங்கரை விளக்கம் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1887ஆம் ஆண்டில் அக்குன்றில் விளக்குப் பணி தொடங்கிற்று. இன்றுள்ள கற்கோபுரம் அதன்பின் எழுந்தது. இந்நாட்டு விளக்குகளைப் பேணும் செலவுக்காக, 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டம் கப்பல்களிடம் டன் கொள்ளளவுக்கேற்பக் கட்டணம் வாங்க வழி செய்தது. ஒருமுறை செலுத்தினால் 30 நாட்களுக்கு மறுபடியும் செலுத்த வேண்டுவதில்லை. சிறு கலங்களுக்குச் சட்டமே விலக்களித்தது. மாதச் சந்தா என்பதன் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். 2021இல் புதிய சட்டம் ஒன்று பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

இவ்விளக்கின் பயனை அளக்க விரும்புபவர் என்ன செய்வார்? ஓர் ஆண்டில் கரையைக் கடந்த கப்பல்களை எல்லாம் எண்ணி, ‘இத்தனையும் விளக்கால் வந்தவை’ என்று கூறினால் அது பிழையான கணக்கு. பட்டப்பகலில் வந்த கப்பல்களும் அவற்றுள் உண்டு. வழியை நன்கறிந்த மாலுமிகளும் உண்டு. விளக்கு இல்லாவிடினும் நலமே வந்திருக்கக்கூடியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றையே விளக்கின் பயனாகக் கொள்ளவேண்டும். விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவிக்கும் இதுவே உரைகல்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 1996இல் தன் இணைப்புத் தரகுத் திட்டத்தைத் தொடங்கிற்று. நூல்களைப் பரிந்துரைப்பவர்க்கு விற்பனையில் ஒரு பங்கு என்னும் அம்முறை உலகெங்கும் பரவியது. 2009இல் கனடாவின் வான்கூவர் நகரில் அன்பவுன்ஸ், 2014இல் அமெரிக்காவில் கிளிக்ஃபன்னல்ஸ் என்றவாறு இறங்கு பக்கக் கருவிகள் தோன்றின. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் வேர்டுபிரஸ் மென்பொருளைக் கொண்டும் இத்தகைய பக்கத்தை அமைக்கலாம். தொலைநாட்டை மட்டும் நோக்க வேண்டா. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி, 2009இல் சோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் பெருவளாகம், நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் உள்ளது. அந்நிறுவனம் உலகுக்குச் சந்தா முறையில் அளிக்கும் மென்பொருள்களுள் இறங்கு பக்கக் கருவியும் ஒன்று. மசுலினை ஏற்றுமதி செய்த சீமை இன்று மென்பொருளை ஏற்றுமதி செய்கிறது.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், போட்டித் தேர்வு நூல்களைப் பரிந்துரைக்கும் பக்கம் ஒன்றை நடத்துகிறார். மாலையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லி ஈட்டும் பணத்திலிருந்து அவர் சந்தா கட்டினார். ‘தொடரலாமா, நிறுத்தலாமா?’ என்று கேட்டு வந்தார். இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். எண்களை எளிமையாக்கிக் கூறுகிறேன்.

மாதந்தோறும் அவர் பக்கத்துக்கு 3,000 பேர் வருகின்றனர். இலவசமாக அமைத்த பழைய பக்கத்தில் 100 பேருக்கு 2 பேர் நூல் வாங்கினர், விற்பனை 60. ஒரு விற்பனைக்கு 40 ரூபாய் தரகு எனின், வருவாய் 2,400 ரூபாய். சந்தாக் கருவியால் அமைத்த புதிய பக்கத்தில் 100 பேருக்கு 3 பேர் வாங்கினர். விற்பனை 90, வருவாய் 3,600 ரூபாய். சந்தாவோ 2,000 ரூபாய். ‘2,000 கொடுத்து 3,600 ஈட்டினேன், இலாபம் 1,600’ என்று அவர் மகிழ்ந்திருந்தார். விளக்கின் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கருவி இல்லாமலே வந்திருக்கும் 2,400ஐக் கழித்தால், கருவி ஈட்டித் தந்தது 1,200 மட்டுமே. அதற்கு அவர் கொடுத்த விலை 2,000. ஆகவே மாதம் 800 ரூபாய் இழப்பு.

கருவி தீயதன்று, விற்பனையை ஒன்றரை மடங்காக்கிய நல்ல கருவிதான். அவருடைய துறை அதற்குச் சிறியது. அதே விகிதத்தில் 5,000 பேர் வந்தால் வரவும் செலவும் சமமாகும். 6,000 பேர் வந்தால் 400 ரூபாய் மிஞ்சும். சிறு கலத்துக்கு விளக்குக் கட்டணத்தில் விலக்களித்த சட்டத்தின் அறிவுடைமை இப்போது விளங்குகிறதன்றோ? அவர் இலவசப் பக்கத்துக்குத் திரும்பினார். வருகை பெருகும் வரை அச்செலவை ஒத்திவைத்தார். வருகை பெருகும்போது சந்தாவும் ஏறுமா என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும். ஏனெனின் வருகையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணத்தை உயர்த்தும் நிறுவனங்கள் உண்டு.

மேலும் சில எச்சரிக்கைகள் உள. முதலாவது, சிறிய எண்களை நம்பி முடிவு கட்டலாகாது. ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால் 12 முறை தலை விழக்கூடும். அதனால் நாணயம் கோணலானது என்று எவரும் கூறார். 200 பேரில் 4 பேர் வாங்கிய பக்கத்தையும், வேறு 200 பேரில் 6 பேர் வாங்கிய பக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒன்று சிறந்தது என்பது அத்தகையதே. இரு பக்கங்களையும் ஒரே காலத்தில், ஒரே வகை வருகையாளரிடம், போதிய நாட்கள் சோதிக்க வேண்டும். தேர்வுக்கு முந்திய மாதத்தையும் விடுமுறை மாதத்தையும் ஒப்பிடுவது ஒப்பீடே அன்று.

இரண்டாவது, காசி வீரண்ணாவின் மறைவு கற்பித்த பாடம். கருவியை விட்டு விலகும் நாளில், உங்கள் பக்கமும், உங்களை நாடி வந்தோர் தாமே இசைந்து அளித்த முகவரிப் பட்டியலும் உங்களோடு வருமா? வாராதெனின், நீங்கள் உழைத்துச் சேர்த்த தொடர்பு வேறொருவர் கிடங்கில் இருக்கிறது என்பதே பொருள். இலவசக் கருவியும் நிலையானதன்று. இரு பக்கங்களை ஒப்பிட்டுச் சோதிப்பதற்காகக் கூகிள் அளித்துவந்த ஆப்டிமைஸ் என்னும் கருவி 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, பணம் எடுக்கும் முறை. கணக்கிலிருந்து தானே பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதிமுறை 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் ‘சந்தாக் கண்ணி’யை, 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகள் தடைசெய்துள்ளன. சேருமுன்னரே விலகும் வழியைப் படித்துப் பார்ப்பவனே விழிப்புள்ளவன்.

நான்காவது, மதிப்புரைகளைப் படிக்கும் முறை. ‘இக்கருவியே சிறந்தது’ என்று எழுதுபவரிற் பலர் அக்கருவிக்கே தரகர். நீங்கள் சந்தா கட்டும் ஒவ்வொரு மாதமும் அவருக்குப் பங்கு செல்லும் திட்டங்களும் உள்ளன. துபாஷி இருதரப்பிலும் கூலி பெற்ற காலத்தின் வினா இங்கே மீண்டும் எழுகிறது: இவர் பேசுவது யாருக்காக? வரலாற்று மாணவன் ஒரு கல்வெட்டையோ நாட்குறிப்பையோ கையிலெடுத்தவுடன், இதை எழுதியவர் யார், எழுதியதால் அவருக்கு என்ன பயன் என்று கேட்கிறான். அப்பயிற்சியை இங்கும் கைவிடலாகாது. அவ்வாறே நீங்களும் தரகு பெற்று ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், அவ்வுறவைப் படிப்பவர்க்கு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன.

மாணவச் செல்வங்களே! உழைத்துப் பொருளீட்ட நீங்கள் முயல்வது பாராட்டத்தக்கது. சந்தாவுக்குக் கையெழுத்திடும் முன், ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள். இக்கருவியின்றி எனக்கு வருவது எவ்வளவு? இதனால் கூடுவது எவ்வளவு? இதற்குக் கொடுப்பது எவ்வளவு? விட்டு விலகினால் என்னோடு வருவது எது? நான்கிற்கும் விடை தெளிவாகக் கிடைத்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். விடை கிடைக்காத வரை இலவசப் பக்கத்தில் உழைத்துத் துறையை வளர்த்துக்கொள்ளுங்கள். அதனால் குறைவொன்றும் நேராது.