வரப்போரத் தக்கைப்பூண்டின் கதை



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்து ஏரி உள்வாயிலும், வாய்க்கால் ஓரத்திலும், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் மழைக்காலத்தில் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். இலை அகத்தி இலை மாதிரி இருக்கும், ஆனால் சிறுசு. தண்டில் சின்னச் சின்ன முள். மஞ்சள் பூவிலே கருஞ்சிவப்புப் புள்ளி. காய் குச்சி போல மெலிசாக, ஒரு சாணுக்கு மேலும் நீளும். அதுதான் தக்கைப்பூண்டு. "விதைக்காம முளைச்சது, களைதானே" என்று நாம் பிடுங்கி வரப்பில் போடுகிறோம். இந்தக் களைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இது பயறு, உளுந்து, வேர்க்கடலை குடும்பத்துச் செடி. ஒரு வருஷத்துக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, செத்துவிடும். தண்ணீர் நின்றால் பல பயிர்கள் வேர் அழுகிச் சாகும். இதற்கோ தண்ணீரில் நிற்கும் அடித்தண்டு தக்கை போல ஊதி, அதன் வழியாக வேருக்குக் காற்று போகும். பேரும் அதனால் வந்ததுதான். உப்பையும் களரையும் ஓரளவு தாங்கும். பழவேற்காட்டை ஒட்டிய உவர் நிலத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விதைத்தோல் கெட்டி. அதனால் விழுந்த விதை எல்லாம் உடனே முளைக்காது. கொஞ்சம் மண்ணிலே தூங்கிக் கிடந்து அடுத்தடுத்த மழைக்கு எழுந்திருக்கும். ஏரி வற்றினாலும் இந்தப் பூண்டு அழியாததன் ரகசியம் இதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ இதைப்பற்றி எழுதியிருக்கிறார். வங்காளத்து மீனவர்கள் இதன் நாரை வலைக்கயிறாகத் திரித்தார்களாம். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப்போகாது என்பதுதான் காரணம்.

ஆனால் விவசாயிக்கு இதன் பெருமை வேரில் இருக்கிறது. பயறு வகை விளைந்த மண் அடுத்த பயிருக்கு நல்லது என்று நம் பெரியவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1886ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு விஞ்ஞானிகள், வேர் முடிச்சுகளின் துணையால் இந்தச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கின்றன என்று காட்டினார்கள். 1888இல் ஹாலந்து நாட்டு பெய்யரிங்க் அந்த முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். நீங்களும் சோதிக்கலாம். ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் எருத் தட்டுப்பாடு வந்துவிட்டது. நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற வேளாண் ரசாயன நிபுணர் 1893இல் வெளிவந்த அறிக்கையில், விறகு கிடைக்காததால் சாணம் அடுப்புக்குப் போகிறது, வயல் பட்டினி கிடக்கிறது என்ற குறையை எடுத்துச் சொன்னார். 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தில் பசுந்தாள் உர விதைக்கும் இடம் கிடைத்தது. 1950களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடியைப் பரப்பியபோதும் பசுந்தாள் உரத்தை வற்புறுத்தினார்கள். வரப்போரத்துப் பூண்டு வயலுக்குள் வந்தது இப்படித்தான்.

பிறகு காற்று மாறியது. 1966இல் ஐ.ஆர். 8 நெல் வந்தது. உரம் போட்டால் போட்ட அளவுக்கு விளைந்தது. 1971இல் நமக்குப் பக்கத்திலேயே, மணலியில், உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மூட்டை சுலபமாகக் கிடைத்தபோது, ஒன்றரை மாசம் தழை வளர்த்து மடக்கி உழ யாருக்குப் பொறுமை இருக்கும்? யூரியாவைக் குறை சொல்லவில்லை. அது பசியைத் தீர்த்தது. ஆனால் யூரியா கொடுப்பது தழைச்சத்து மட்டும்தான். மண்ணை மெத்தென்று ஆக்கும் மக்கு அதில் இல்லை. தக்கைப்பூண்டு இரண்டையும் கொடுக்கும்.

நவரை அறுத்த பிறகு சம்பாவுக்கு நிலம் சும்மா கிடக்கிறதா? கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளியுங்கள். 45 நாளில், பூ எடுக்கும் சமயத்தில், தண்ணீர் கட்டி மடக்கி உழுங்கள். நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தழை சேரும். அதிலுள்ள தழைச்சத்து சுமார் இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். அது ஒரே போகத்தில் முழுக்கக் கிடைத்துவிடாது, மெதுவாகத்தான் மண்ணுக்கு வரும். மணி, சாம்பல் சத்துகளை மண் பரிசோதனைப்படி தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உழவைத் தள்ளிப்போட்டால் தண்டு கட்டையாகிவிடும், மக்காது. காய்த்து உதிர்ந்தால் அப்புறம் அதுவே களை.

கடைசியாக ஒரு வார்த்தை. பசுந்தாள் விதைக்கு மானியம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் விதைக்கு எப்போதும் கையேந்த வேண்டாம். கிணற்று மேட்டோரம் ஒரு சென்ட்டில் சில செடிகளை முற்ற விட்டு, காய் பழுப்பேறி வெடிக்கும் முன் அறுத்து வையுங்கள். நம் வட்டாரத்தில் தொழிற்பேட்டையும் மனையும் பெருகப் பெருக, பள்ளமும் குட்டையும் தூர்ந்து வருகின்றன. பூண்டு தானாக முளைக்க இடம் குறைகிறது. நேற்றுவரை இனாமாகக் கிடைத்த விதையை நாளைக்கு விலை கொடுத்தும் தேடும் நிலை வரக்கூடாது. அடுத்த மழைக்கு ஏரிக்கரைப் பக்கம் போனால், பிடுங்கும் முன் அந்த வேரை ஒருமுறை பாருங்கள்.