தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை என்பது தமிழ்நாட்டிலுள்ள அரசு, அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகளின் இடங்களையும், சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் ஒரே கலந்தாய்வின் வழியாக நிரப்பும் ஒற்றைச் சாளர முறை ஆகும். சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் இதில் அடங்கா. விண்ணப்பப் பதிவு பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளையொட்டித் தொடங்கும்.

வரலாறு

1997 முதல் இக்கலந்தாய்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தி வந்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2007 இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. தொடக்கத்தில் மாணவர்கள் நேரில் சென்று, திரையில் தெரியும் காலியிடங்களுள் ஒன்றைத் தெரிவு செய்தனர். 2018 இல் இது இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது.

தரவரிசை

கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 புள்ளிகளுக்குத் தகுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இருவர் சமநிலையில் இருப்பின் முதலில் கணித மதிப்பெண்ணும், அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணும் ஒப்பிடப்படும். பிற அளவுகோல்களாலும் சமநிலை நீங்காவிடின் இறுதியாகச் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு.

விருப்ப வரிசை

மாணவர்கள் தரவரிசைப்படி பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுவர். சுற்றுக்குரியோர் கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து எத்தனை விருப்பங்களையும் வரிசைப்படுத்திப் பதியலாம். காலக்கெடு முடிந்தபின் அவ்வரிசையை மாற்ற இயலாது.

மென்பொருள் தரவரிசையில் முன்னிற்பவரை முதலில் எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாக நோக்கும். காலியாகவுள்ள முதல் விருப்பத்தை ஒதுக்கியதும் அடுத்த மாணவருக்குச் செல்லும். எனவே, கிடைப்பது அரிது எனக் கருதும் இடத்தை முதலில் எழுதுவதால் பின்வரும் விருப்பங்களுக்கு எவ்விதக் குறைவும் நேராது. மாறாக, எளிதில் கிடைக்கும் இடத்தை முதலில் எழுதினால் அதுவே ஒதுக்கப்படும். விரும்பிய இடம் காலியாக இருந்தாலும் மென்பொருள் அதனை நோக்காது. ஆகவே உண்மையான விருப்பத்தின்படி வரிசைப்படுத்துவதே பயனுடையது.

மிகச் சில விருப்பங்களை மட்டும் பதிந்து அவை யாவும் நிரம்பிவிட்டால், அச்சுற்றில் இடம் கிடைக்காது. அடுத்த சுற்றில் எஞ்சிய இடங்களே இருக்கும். முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் இறுதியாகச் சேர்ந்தவரின் தகுதி மதிப்பெண், பட்டியலை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை அறிய உதவும். வரிசையை அது மாற்ற வேண்டியதில்லை.

ஒதுக்கீட்டை உறுதி செய்தல்

தற்காலிக ஒதுக்கீடு கிடைத்தவர் குறித்த நாட்களுக்குள் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது ஏற்றுக்கொண்டு தம் பட்டியலில் அதற்கு மேலுள்ள விருப்பங்களுக்காகக் காத்திருக்கலாம். மேல் விருப்பம் கிடைத்தால் முந்தைய இடம் பிறருக்குச் சென்றுவிடும்.