விறகும் 439ஆம் பிரிவும்

திண்டிவனத்துக்காரர்களுக்குக் கிடங்கல் என்பது ஊரின் ஒரு மூலை. சிறுபாணாற்றுப்படையில் அது ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் தலைநகரமான கிடங்கில். அவனைத் தேடிப் போகும் பாணன் வழியில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரைத் தாண்ட வேண்டும். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உப்பளங்களோடு இருக்கும் மரக்காணம்தான் அது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அது சம்மதம். அங்கே, ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கிறது அலை கொண்டுவந்து போட்ட வாசமரம். அதை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட மீனும் பாணனுக்குக் கிடைக்கின்றன.

நெய்தல் நிலத்து வளம் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நானும் வெகுநாள் அப்படியே படித்தேன். வாசமரம் என்றால் அகில் என்பது வழக்கமான உரை. அகில் இந்தக் கரையில் விளைகிற மரமில்லை. எங்கோ காட்டாறு இழுத்துவந்ததாக இருக்கலாம். உடைந்த கலத்தின் சரக்காகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் அது யாருடைய விறகு? நத்தத்தனாருக்கு அந்தக் கேள்வி இல்லை. உரைகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தவரை எனக்கும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் வந்தது.

1860இல் இயற்றி 1862 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 439ஆம் பிரிவு, கப்பலிலுள்ள பொருளைத் திருடவோ கையாடவோ கருதி, அல்லது வேறு யாராவது அப்படிச் செய்யட்டும் என்று கருதி, அதை வேண்டுமென்றே தரைதட்டவோ கரையேறவோ செய்பவனுக்குப் பத்து வருடம்வரை சிறையும் அபராதமும் விதித்தது. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம்தான். இங்கே ஒரு மூட்டைகூடக் களவு போயிருக்க வேண்டியதில்லை; எண்ணத்தோடு கப்பலை மண்ணில் ஏற்றியதே போதும். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதன் எண் 328. எண்தான் மாறியது.

புயலில் ஆட்களைக் காப்பாற்ற மாலுமி தானே கலத்தைக் கரையேற்றினால் இந்தப் பிரிவு அவனைத் தொடாது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே மணல், அதே சாய்ந்த பாய்மரம். வடகிழக்குப் பருவக் காற்றில் ஒதுங்க இடமில்லாத இந்தக் கரையில், சுக்கானைத் திருப்பியவன் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை நீதிபதி தேட வேண்டும். நாவலாசிரியன் வேலை.

ஆனால் சட்டம் தேடுவது தனி மனிதனை. சரித்திரத்தில் கரைக் கொள்ளைக்காரன் பெரும்பாலும் ராஜா. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவனின் 1244–45ஆம் வருடத்து அபய சாசனம் இருக்கிறது. காற்றில் அடிபட்டு உடைந்து ஒதுங்கும் கலங்களிலிருந்து பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் முந்தைய அரசர்கள் பலவந்தமாகப் பிடுங்கினார்கள். நாம் தீர்வை மட்டுமே வாங்குவோம் என்கிறான். உயிரைவிடப் பொருள் பெரிதென்று கடலேறுகிறவர்கள்மேல் இரக்கமாம். இரக்கத்தில் வியாபாரக் கணக்கும் இருந்தது என்று நினைக்கிறேன். அடுத்த நூற்றாண்டில் இபின் பதூதா மலபாரைப் பற்றி எழுதும்போது, மற்ற இடங்களில் உடைந்த கலத்தின் சரக்கு அரசனுக்குப் போகும், கோழிக்கோட்டில் மட்டும் உடையவனுக்கே விடுவார்கள், அதனால்தான் அந்த ஊர் செழித்தது என்கிறார். ஏழிமலைக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். மார்க்கோ போலோ சொல்வதைப் பார்த்தால், வழிதவறி வரும் கலத்தைக் கடவுளே தங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லிக் கொள்ளையடித்தார்கள். எண்ணம் கடவுளுடையதாகிவிட்டால் 439க்கு வேலையில்லை.

எயிற்பட்டினத்துப் பெண்கள் சுக்கானைத் தொட்டவர்கள் இல்லை. அரசனின் ஆட்களாகவும் வரவில்லை. கடவுளையும் சாட்சிக்கு இழுக்கவில்லை. எங்கோ பொன் விலைக்கு விற்கும் மரத்தை அடுப்பில் வைத்து, வந்த பாணனுக்குத் தேறல் ஊற்றினார்கள். அந்தக் கலத்தில் ஆட்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற நினைப்பு மட்டும், வளம் என்று எழுதிய என் பழைய பரீட்சை விடையின்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.