இட்லிப்பூ சூடிய போர்

பூங்காக்களிலும் வீட்டு வேலியோரங்களிலும் கொத்துக்கொத்தாகச் சிவந்து கிடக்கும் இட்லிப்பூவை அறியாதவர்கள் குறைவு. பூவைப் பறித்து, அடியில் இருக்கும் துளித் தேனை உறிஞ்சிப் பார்க்காத பிள்ளைகளும் குறைவு. மலையாளத்தில் இது தெச்சி. பழந்தமிழில் வெட்சி. சங்க காலத்தில் மறவர் கூட்டம் ஒன்று இந்தப் பூவைச் சூடிக்கொண்டு இரவில் ஊரைவிட்டுக் கிளம்பினால், விடிவதற்குள் பக்கத்து நாட்டோடு பகை மூண்டுவிடும்.

இன்றைய செய்தித்தாள் ‘போர் தொடுத்தது’ என்று எழுதுகிறது. அம்புக்கும் வழக்குக்கும் வருகிற அதே ‘தொடு’தான் அது. தொல்காப்பியமோ பகையின் முதல் அடிக்கென்றே ஒரு பெயரை ஒதுக்கி வைத்திருக்கிறது. அது வகுக்கும் ஏழு புறத்திணைகளில் முதலாவது வெட்சி. பகை நாட்டின் மேல் படையெடுக்கும் வஞ்சி, கோட்டையை வளைக்கும் உழிஞை, களத்தில் நேருக்கு நேர் பொருதும் தும்பை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. வெட்சி என்றால் பகைவருடைய ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, இரவில் கவர்ந்து வருதல்.

ஏன் மாடு? அன்று செல்வம் என்பதே அதுதான். ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் அதை அந்தப் பொருளில்தான் ஆள்கிறார். நெல்லைப் போல் சுமக்க வேண்டியதில்லை, நிலத்தைப் போல் ஓரிடத்தில் கிடப்பதுமில்லை. ஓட்டினால் தானே நடந்து வரும். அதனால் கவர்வது எளிது, இழந்தவன் சும்மா இருப்பது கடினம். இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. ரிக் வேதத்தில் சண்டையைக் குறிக்கும் ‘கவிஷ்டி’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் பசுக்களை விரும்புதல். மகாபாரதத்தில் குருக்ஷேத்திரத்துக்கு முன்பே துரியோதனன் விராட நாட்டுப் பசுக்களைக் கவரப் படையோடு போகிறான்.

இந்த ஓர் இரவு வேலையைத் தொல்காப்பியம் 14 துறைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. முதலில் படை புறப்படும் அரவம். அடுத்து விரிச்சி: பாக்கத்தில் நின்று, யாரோ எதற்கோ பேசும் பேச்சைக் காதில் வாங்கி, அது நற்சொல்லா என்று பார்ப்பது. பிறகு பகைப்புலத்தார் அறியாமல் நடக்கும் செலவு, அதாவது பயணம். ஒற்றர் கொண்டு வரும் செய்திக்கு வேய் என்று பெயர். அந்தச் செய்தியை நம்பி ஊர்ப்புறத்தே போய்த் தங்குவார்கள், ஊரைத் தாக்குவார்கள், நிரையைக் கைப்பற்றுவார்கள். இப்படிக் கைப்பற்றுவதுதான் ஆகோள். துரத்தி வருபவரைத் தடுத்து, மாடுகளுக்கு நோவு வராமல் ஓட்டி வந்து, தங்கள் ஊரில் நிறுத்திய பின் பாதீடு, அதாவது பங்கு பிரித்தல். கடைசியில் கள்ளோடு உண்டாட்டு, கேட்டவர்க்குக் கொடை. திட்டத்தில் தொடங்கிக் கணக்குத் தீர்ப்பது வரை எதுவும் விடுபடவில்லை.

பங்கு யார் யாருக்கு? சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் விடை இருக்கிறது. கள் விற்கும் பெண், ஆயுதம் அடித்துத் தந்த கொல்லன், துடி கொட்டியவன், யாழ்ப்பாணர், ஒற்றறிந்து வந்த கானவன், புள் நிமித்தம் சொன்ன கணி ஆகியோர் வீட்டு முற்றங்களில் கவர்ந்த மாடுகள் நிறைந்து நின்றன என்கிறது அது. மறவனுக்கு மட்டும் உரிய தொழிலாக அது இருக்கவில்லை. ஒரு சிற்றூரின் பொருளாதாரமே அதைச் சுற்றி நடந்திருக்கிறது.

தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தார். குறிஞ்சியின் பொழுது யாமம். அங்கே தலைவனும் தலைவியும் கூடுவது களவு. நிரை கவர்வதும் நள்ளிரவில், களவில். காதலுக்கும் பகைக்கும் ஒரே இருட்டு, ஒரே சொல். பூவும் குறிஞ்சி நிலத்துப் பூதான். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் வெட்சியும் உண்டு.

களவு என்று சொல்லிவிட்டபின் அதற்கு ஒரு நியாயமும் தேவைப்பட்டது. போர் வரப்போகிறது, விலகிப் போங்கள் என்று பெண்டிருக்கும் நோயாளிக்கும் அந்தணர்க்கும் சொல்லலாம்; மாட்டுக்குச் சொன்னால் புரியுமா? ஆகவே அவற்றை முன்கூட்டியே கொண்டுவந்து காப்பது தீதாகாது, அதுவும் அறமே என்று விளக்கினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அழகான விளக்கம்தான். ஆனால் காத்த மாடுகளைத் திருப்பிக் கொடுத்ததாக எந்தத் துறையும் இல்லை, பாதீடுதான் இருக்கிறது.

பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் வெளிப்படையானது. வெட்சியை அது இரண்டாகப் பிரிக்கிறது. அரசன் ஏவிச் செய்வது மன்னுறு தொழில், தானாகவே போய்ச் செய்வது தன்னுறு தொழில். தொல்காப்பியத்தில் வெட்சிக்குள்ளேயே அடங்கியிருந்த நிரை மீட்டலையும் கரந்தை என்ற தனித் திணையாக்கி, வேறொரு பூவைச் சூட்டியது.

ஏடுகள் இப்படிச் சொல்ல, கற்களும் தம் வழியில் சொல்கின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள 3 நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் ‘ஆகோள்’ என்ற சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. இலக்கண நூலின் துறைப் பெயர், கூடலூர் ஆகோளில் இறந்துபட்ட ஒருவனின் நினைவுக் கல்லில் நிற்கிறது. புலவர்கள் கற்பனையில் கட்டிய மரபு அல்ல இது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பல்லவர் காலத்தில் செங்கம், தருமபுரி வட்டாரங்களில் இத்தகைய கற்கள் பெருகின. அங்கே மந்தைக்குப் பெயர் தொறு. தொறுவைக் கொள்ளப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு.

அவற்றில் ஒன்று, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்தனூரில் நட்ட கல். கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் போராடி மாண்டதை அது சொல்கிறது. அவனுடைய நாய் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். வந்த இருவரின் பெயர் கல்லில் இல்லை. ஏடு வெட்சி மறவர் என்று பூச்சூட்டி அழைத்திருக்கக்கூடியவர்களை, எருமைக்காரன் பக்கத்துக் கல் ‘கள்ளன்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டது.