எண்ணெய் அருகிய காலத்து விளக்குகள்

முல்லைத்தீவுக்கு அணித்தே, நந்திக்கடல் என்னும் களப்பின் கரையில் அமைந்த சிற்றூர் வற்றாப்பளை. ஈழத்துக் கண்ணகி வழிபாட்டின் வரலாற்றில் அவ்வூர்ப் பெயர் தனி இடம் பெற்றது. மதுரையை எரித்த பின் இலங்கைக்கு வந்த கண்ணகி பல இடங்களில் தங்கினாள் என்றும், அவள் தங்கிய பத்தாவது இடமே பத்தாம்பளை என வழங்கிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்றும் வன்னி மக்கள் கூறுவர். ஒரு முதியவளின் வடிவில் அங்கு வந்த அம்மை, களப்பின் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் விளக்கேற்றுமாறு கேட்டாளாம். எண்ணெய் இல்லையே என்றனர் சிறுவர்கள். கடல்நீரை எடுத்து விளக்கேற்றுங்கள் என்றாள் அம்மை. அவ்வாறே செய்ய, விளக்கும் எரிந்தது என்பது ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகிறது.

அவ்விளக்கு எரியும் விதத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கம் அன்று. அது வழிபடுவோரின் உடைமை. ஆனால் அக்கதையில் வரும் ஒரு சொல் வரலாற்றை ஆராய்வோரைத் தடுத்து நிறுத்துகிறது. 'எண்ணெய் இல்லை' என்பதே அச்சொல். விளக்கு இருந்தும் அதற்கு ஊட்ட எண்ணெய் இல்லாத நிலை வன்னி மண்ணுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அந்நிலை மீண்டும் வந்தது. அப்போது அம்மக்கள் தம் வீட்டுக் கருவிகளை எவ்வாறு மாற்றி அமைத்தனர் என்பது ஆய்வுகூடங்களுக்கு வெளியே நிகழ்ந்த ஓர் அறிவியல் வரலாறு.

முதலில் எண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தை நோக்குவோம். 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலநெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர், மண்ணெண்ணெய் உலகெங்கும் மலிவாகப் பரவியது. இலுப்பை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் எரிந்த வீடுகளில் குப்பி விளக்கும், காற்றுக்கு அணையாத அரிக்கன் லாம்பும் இடம்பிடித்தன. திருவிழாவுக்கும் திருமண வீட்டுக்கும் பெற்றோமாக்ஸ் வந்தது. பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரெற்ஸ் என்பார் 1910ஆம் ஆண்டளவில் உருவாக்கிய அவ்விளக்கில், கையால் அடிக்கும் பம்பு எண்ணெயை அழுத்தத்திற்கு உள்ளாக்குகிறது. எண்ணெய் சூடான குழாயில் ஏறி ஆவியாகி, காற்றுடன் கலந்து, மான்ரில் என்னும் வலைப்பையினுள் எரிகிறது. பையே ஒளிர்கிறது, சுடர் அதனைச் சூடாக்கும் வேலையை மட்டுமே செய்கிறது.

அந்த வலைப்பையின் கதை நம் நாட்டுடன் தொடர்புடையது. ஒஸ்திரிய வேதியியலார் கார்ல் ஔவர் ஃபொன் வெல்ஸ்பாக், தோரியம் ஒட்சைட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கும் சீரியம் ஒட்சைட்டு ஒரு பங்கும் சேர்ந்தால் வெண்மையான ஒளி கிட்டும் என 1891ஆம் ஆண்டளவில் கண்டார். துணியைத் தோரிய உப்பில் தோய்த்து எரித்தால் துணி அழிந்து, ஒட்சைட்டின் எலும்புக்கூடு எஞ்சும். கை பட்டால் உதிரும் அந்தச் சாம்பலே கூத்துக் களரிக்கு வெளிச்சம் தந்தது. தோரியத்தைத் தேடி ஐரோப்பியர் உலகெங்கும் அலைந்தனர். 1904ஆம் ஆண்டில் இலங்கையில் தோரியம் மிகுந்த கனிமம் ஒன்று இனங்காணப்பட்டுத் தோரியனைற்று என்னும் பெயர் பெற்றது. அப்போது இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராக இருந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் இந்தியக் கலை வரலாற்றின் பேராசானாக உலகம் அறிந்தவர் அவரே. 1909ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலிலும் தோரியம் தரும் மொனசைற்று கண்டறியப்பட்டது. முள்ளியவளைப் பக்கத்தில் விடிய விடியக் கோவலன் கூத்து ஆடிய களரிகளுக்குப் பெற்றோமாக்ஸ் ஒளி கொடுத்த நாட்களில், அந்த ஒளியின் மூலப்பொருள் தம் நாட்டிலும் அயலிலும் கிடப்பதைப் பார்த்திருந்தோருள் எத்தனை பேர் அறிந்திருப்பர்!

பெற்றோமாக்ஸ் சிறந்த கருவிதான். எனினும் சிக்கனமான கருவி அன்று. விளம்பரங்கள் சில நூறு மெழுகுதிரிகளின் ஒளி என்று பெருமை பேசின. உண்மையும் அதுவே. ஆனால் அதனை ஏற்ற மதுசாரம் வேண்டும், இடையிடையே பம்பு அடிக்க வேண்டும், மான்ரில் உடைந்தால் வேறு வாங்க வேண்டும். ஆகவே அது பொதுவிடத்து விளக்காகவே நின்றது. ஏழை வீட்டின் அன்றாட ஒளி குப்பி விளக்கே.

விளக்குக்கு அடுத்து வந்தது வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. அதற்குக் காரணராய் இருந்தவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பர். 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்று, 1967ஆம் ஆண்டில் அது கூட்டுத்தாபனம் ஆயிற்று. முற்காலத்து வானொலிப் பெட்டியின் வால்வுகள் சூடேறினாலன்றி வேலை செய்யா. மின்சாரம் இல்லாத ஊரில் அவற்றைச் சூடேற்றக் கனத்த பற்றரிகள் வேண்டும். அவற்றை மின்னேற்றப் பட்டினத்துக்குத் தூக்கிச் செல்லவும் வேண்டும். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிரட்டைன், ஷொக்லி என்னும் மூவர் கண்ட டிரான்சிஸ்டர் இந்நிலையை அடியோடு மாற்றியது. அதற்குச் சூடேற்றும் இழை தேவையில்லை. 1954ஆம் ஆண்டில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே மூன்று நான்கு டோர்ச் பற்றரிகளில் பல வாரம் பேசும் பெட்டி, வயற்காவற் குடிலிலும் மீன்பிடி வாடியிலும் ஒலித்தது. மனிதன் இதுவரை விலைக்கு வாங்கிய சாதனங்களுள், செலவுக்கும் பயனுக்கும் உள்ள பொருத்தத்தில் டிரான்சிஸ்டர் வானொலியை விஞ்சியது வேறொன்று உளதோ என்பது ஐயமே. பின்னர் வந்த பல பொருள்கள் பளபளப்பில் மிஞ்சின, சிக்கனத்தில் அல்ல.

அச்சாதனத்தின் ஒரே பலவீனம் பற்றரி. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. வடக்கே செல்லும் பொருள்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் எனத் தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. தென்பகுதியிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோரில் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். காட்டோரங்களிலும் பள்ளிக்கூட வளவுகளிலும் குடிசைகள் எழுந்தன. ஒவ்வொரு குடிசையிலும் மாலை இருட்டியதும் அதே கேள்வி எழுந்தது. நந்திக்கடற் கரையில் முன்னொரு காலம் எழுந்ததாகச் சொல்லப்படும் கேள்வியும் அதுவே.

அதற்கு விடையாகப் பிறந்ததே ஜாம் போத்தல் விளக்கு. வெற்று ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவர். கம்பியில் நிறுத்திய மெல்லிய திரி அப்பஞ்சிலிருந்து எண்ணெயை உறிஞ்சும். போத்தலின் கண்ணாடிச் சுவரே காற்றைத் தடுக்கும். இதனைப் பலர் ஏதோ எண்ணெயைப் பெருக்கும் வித்தை போலப் பேசுவர். அவ்வாறு எதுவும் இல்லை. திரி மெல்லியது, ஆதலால் சுடர் சிறியது, ஆதலால் செலவு குறைவு. இதன் நுட்பம் பஞ்சில் இருக்கிறது. குப்பி விளக்கில் எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் திரி எட்டாது. சாய்ந்தால் எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். பஞ்சோ கடைசித் துளி வரை பிடித்து வைத்துத் திரிக்குக் கொடுக்கும். கவிழ்ந்தாலும் எண்ணெய் ஓடாது. நுண்டுளைக் கவர்ச்சி என்று பள்ளி நூல்கள் கூறும் விதியை, எண்ணெயைத் துளித்துளியாக எண்ணிய தாய்மார் நடைமுறையில் கண்டறிந்தனர்.

அச்சுடரின் முன் அமர்ந்து பிள்ளைகள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தனர். புத்தகத்தை விளக்கை ஒட்டியே பிடிக்க வேண்டும்; ஒரு பக்கத்துக்கு மேல் வெளிச்சம் பரவாது. புகை மூக்கில் ஏறும், கண் எரியும். அவ்விளக்கை இன்று புகழ்ந்து பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். வறுமையின் நுட்பத்தைக் கொண்டாடும்போது வறுமையையே கொண்டாடிவிடும் ஆபத்து உண்டு.

பற்றரியின் கதை இதனினும் சுவையானது. உலர்பற்றரி 1860களில் பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே அமைத்த மின்கலத்தின் வழிவந்தது. நாகக் கோப்பை, நடுவே கரித்தண்டு, இடையில் மங்கனீசு ஈரொட்சைட்டும் அமோனியம் குளோரைட்டுப் பசையும் அதன் உறுப்புகள். பற்றரி 'இறந்தது' என்று எறியும்போது நாகம் முழுதும் கரைந்திருப்பதில்லை. பசை காய்ந்திருக்கும், வேதிமாற்றத்தின் கழிவுகள் வழியை அடைத்திருக்கும். வன்னியில் எவரும் பற்றரியை எறியவில்லை. வெயிலில் காய வைத்தனர். சூடு ஏற உள்ளிருக்கும் அயன்கள் விரைந்து நகர, சிறிது நேரம் மின் கிடைத்தது. பின்னர் ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். காய்ந்த பசை நனைந்து மீண்டும் சில நாள் உழைத்தது. உப்புநீர் விளக்கின் ஊருக்கு அயலில் உப்புநீரால் வானொலி பேசிற்று என்பது தற்செயலே.

அதுவும் கைவிட்ட நாளில் துவிச்சக்கர வண்டி துணை நின்றது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றினால், பின்சில்லில் உரசும் டைனமோ மின்னை ஆக்கும். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே கண்ட தூண்டல் விதியே அதன் அடிப்படை. பொதுவாக அத்தகைய டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. விளக்குக்கு ஏற்றது, வானொலிக்கு நேரே ஏற்றதன்று. காரணம், அது தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இடையில் இருவாயி என்னும் சிறு உறுப்பை இணைத்தால் ஒரு திசை ஓட்டம் மட்டும் செல்லும். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்தால் அதன் ஏற்றத்தாழ்வு தணியும். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளே இதற்குப் போதுமானவை.

மாலையில் பிபிசி தமிழோசைச் செய்தி தொடங்கும் நேரத்தில் அண்டை வீட்டார் ஒன்று கூடுவர். ஒருவர் மிதிகட்டையைச் சுழற்றுவார்; ஏனையோர் பெட்டியைச் சூழ்ந்திருப்பர். கை விரைந்தால் இரைச்சல் ஏறும். கை களைத்தால் செய்தியும் களைக்கும். ஓர் ஊரின் பெயரைச் சொல்லும் கணத்தில் குரல் தேய்ந்துபோனால், அங்கே உறவினரை விட்டு வந்தவரின் நிலை எத்தகையது! இன்று விரலால் தட்டிச் செய்தி பெறுவோர் அச்செய்தியின் விலையை அறியார். அந்தத் தமிழோசை 1941ஆம் ஆண்டில் தோன்றி, 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது.

இங்கே ஓர் ஒப்புமை. ஆபிரிக்க நாடுகளில் பற்றரி இல்லாமையால் நலவாழ்வுச் செய்தி மக்களைச் சேரவில்லை என்று 1991ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் கண்ட ஆங்கிலேயர் திரெவர் பெய்லிஸ், விற்சுருளைக் கையால் முறுக்கி இயக்கும் வானொலியை அமைத்தார். 1990களின் நடுவில் அது தென்னாபிரிக்காவில் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. பெய்லிசுக்குப் பட்டமும் பாராட்டும் கிடைத்தன, அவை தகுதியானவையே. அவர் கருவி உண்மையில் மேலானது, ஏனெனில் முறுக்கிய பின் கை ஓயலாம். ஆயினும் அதே ஆண்டுகளில் அதே தேவைக்கு அதே வழியைக் கண்ட வன்னி மக்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எரிபொருளிலும் இவ்வாறே. பெற்றோல் இல்லாத நாளில் மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதனால் கிளம்பாது. சில துளி பெற்றோலைச் செலுத்திக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புதிய இயந்திரங்களில் அழுக்க விகிதம் கூடுதல்; மண்ணெண்ணெய் அவற்றில் காலத்துக்கு முன் வெடித்துத் தட்டும். பழைய ஒஸ்ரினின் அழுக்கம் குறைவு. ஆதலால் அது பொறுத்துக்கொண்டது. காலங்கடந்தது என்று ஒதுக்கப்பட்ட வண்டியே அந்நாளில் காலத்துக்கு ஏற்றதாயிற்று.

2002ஆம் ஆண்டில் தடைகள் தளர்ந்து, பாதை திறந்தது. பற்றரிகள் வந்தன, பின்னர் கைப்பேசியும் சூரியத் தகடும் வந்தன. மீண்டும் போர் மூள, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நந்திக்கடற் கரையிலேயே முடிவுற்றது. வற்றாப்பளையும் அயலூர்களும் வெறுமையாகி, பின்னரே மக்கள் திரும்பி வந்தனர். கம்பிவழி மின்சாரம் ஊர்களை எட்டிற்று. விளக்கை மறந்துவிடலாம் என்று எண்ணத்தக்க காலம் அது.

2022ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரத்தை எட்டியது. இம்முறை கொழும்பும் இருண்டது. கைப்பேசியின் ஒளியில் சமைத்தோர் பலர். அதன் இலிதியப் பற்றரி தீர்ந்ததும் அதற்கு உப்புநீர் ஊற்றி உயிர் கொடுக்க எவராலும் இயலவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. கடலுக்குப் போவதா, படகைக் கரையில் ஏற்றி வைப்பதா என்று மீனவர்கள் லீற்றர்க் கணக்குப் பார்க்கத் தொடங்கினர்.